கண்ணாடிக்காரர் வீட்டுப் பெட்டி

கண்ணாடிக்காரருக்குச் சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு காது போய்விட்டது. அதை அவர் பெரிய கதையாகச் சொல்வதில்லை. யாராவது கேட்டால், காய்ச்சல் வந்தது, போனது, போகிறபோது இதையும் எடுத்துக்கொண்டு போனது என்று கையை வீசிக் காட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமுக்குப் பொருந்துகிற மாதிரி தேய்த்துக் கொடுப்பது அவர் வேலை. காது கேளாதவர்கள் வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சைகையிலேயே ஒரு பெயர் உண்டு. இவர் பெயர், ஆள்காட்டி விரலால் மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிடுவது.

மனைவி டீச்சர். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் பாடம் நடத்துகிறார், அவருக்கும் கேட்காது. மகளுக்குக் கேட்கும். மருந்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள், கல்யாணமாகி ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளிக் குடியிருக்கிறாள். இந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் கையால் பேசியது. படிக்கச் சௌகரியமாக நான் அதை வாய்ப்பேச்சாக எழுதியிருக்கிறேன்.

டீச்சருக்கு ஒரு பழக்கம். சைக்கிள் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் அவர்கள் ஆட்கள் கூடுவார்கள். அங்கே போகும்போதெல்லாம் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். ஒருத்தர் தனியாகப் பாங்குக்குப் போய் மாட்டிக்கொண்டு முழித்த கதை, இன்னொருத்தர் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை, நாலு பேர் சேர்ந்து போட்ட குட்டி நாடகம், பாதியில் அடிதடியாக மாறப் பார்த்த சீட்டாட்டம், எல்லாம் பதிவாகும். வாயால் பேசுவதை எழுதி வைக்கலாம். கையால் பேசுவதை எழுத முடியாது, படம் பிடித்தால்தான் உண்டு என்பது டீச்சர் கட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே போட்டுக் காட்டுவார். புத்தகத்தில் இருக்கிற சைகை வேறு, நாலு பேர் அரட்டையில் வருகிற சைகை வேறு என்பார்.

இப்படிச் சேர்ந்த படங்கள், கையடக்க ஹார்டு டிஸ்குகளாக ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கிடந்தன. ஒருநாள் அதில் ஒன்று மேஜையில் ஓடிக்கொண்டிருந்தபோது, நாற்காலியை நகர்த்திய டீச்சரின் காலில் ஒயர் மாட்டியது. டிஸ்க் தரையில் விழுந்தது. விழுந்த டிஸ்க் மறுபடி எழுந்திருக்கவில்லை. பழுது பார்க்கிறவர், உள்ளே படிக்கிற முள் தட்டையே கீறிவிட்டது, இனி ஒன்றும் மிஞ்சாது என்று எழுதிக் காட்டினார். தபால் பிரிக்கிற வேலையில் இருந்த அவர்கள் சிநேகிதர் ஒருவர் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பார். அவர் சொன்ன கதைகள் முழுக்க அதில்தான் இருந்தன. அவர் போன வருஷம் தவறிப்போயிருந்தார்.

டீச்சர் அழவில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் கடையிலிருந்து வந்ததும் செருப்புப் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மகளுக்குச் செய்தி அனுப்பினார். எல்லாப் படத்தையும் ஒரே இடத்தில், ஒரு டிஸ்க் செத்தாலும் படம் சாகாத மாதிரி வைக்க ஒரு பெட்டி வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வா என்று.

ஞாயிற்றுக்கிழமை மருமகனும் கூட வந்தார். அவர் எதிலும் சுருக்கு வழி தேடுகிறவர். ரெடியாகவே பெட்டி விற்கிறார்கள் மாமா, வாங்கி வைத்தால் வேலை முடிந்தது என்றார். மகள் அதைக் கையால் மாற்றிச் சொன்னாள். கண்ணாடிக்காரர் அதையெல்லாம் ஏற்கனவே படித்துப் பார்த்திருந்தார். அந்தப் பெட்டியின் மதர்போர்டு போய்விட்டால் அதே கம்பெனிப் பெட்டியைத் தேடி அலைய வேண்டும், உதிரியாக வாங்கிச் சேர்த்தால் எது போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் இன்டர்நெட்டில் ஏற்றிவிடலாமே என்றார் மருமகன். இவர்கள் வீட்டு லைனில் ஒரு சனிக்கிழமைப் படம் ஏறி முடிவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடும் என்று மகள் சொன்னதும் அவர் சிரித்துவிட்டுக் காபிக்குப் போய்விட்டார்.

பொருள் வாங்குவதில் கண்ணாடிக்காரருக்கு ஒரு நிதானம் உண்டு. கம்ப்யூட்டர் உதிரிக் கடைக்குப் போய், வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவார். கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் யார் வந்தாலும் கலர் கலராக விளக்கெரிகிற பெட்டியையே முதலில் எடுத்து வைப்பார். இது அலமாரிக்குள் இருக்கப்போகிறது, யாருக்கு விளக்கு என்று இவர் எழுதினார். கடைசியில், ஆபீஸ்களில் இருக்குமே, அந்த மாதிரி அழுமூஞ்சிக் கறுப்புப் பெட்டி ஒன்று உள்ளேயிருந்து வந்தது. நாலு டிஸ்க் வைக்க இடம், முன்பக்கம் ஒரு பெரிய ஃபேன். இவருக்கு அது பிடித்துப்போனது.

பிராசஸர், உள்ளதிலேயே குறைவாகக் கரண்ட் குடிப்பதாக எடுத்தார். படத்தைக் கொடுத்து வாங்குகிற வேலைக்கு மூளை பெரிதாக வேண்டாம், தூங்காமல் இருந்தால் போதும். மெமரியில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். தப்பு வந்தால் தானே திருத்திக்கொள்கிற ரகம் வேண்டும், அதை ஏற்கிற போர்டு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரர் வரவழைக்கும் வரை காத்திருந்தார். பவர் சப்ளையில் மலிவைக் கையால் தொடவே இல்லை. அது போகும்போது பக்கத்தில் இருப்பவனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும் என்றார்.

டிஸ்குகளைப் பாதி இந்தக் கடையிலும் பாதி வேறொரு கடையிலும் வாங்கினார். ஏனப்பா இந்த அலைச்சல் என்று மகள் கேட்டாள்.

"ஒரே லாட்ல வந்த லென்ஸ், பூச்சு உரிஞ்சா எல்லாம் ஒண்ணா உரியும். இதுவும் அப்படித்தான். ஒண்ணு போற நேரத்துல இன்னொண்ணும் போயிட்டா என்ன பண்றது?"

நாலு டிஸ்கில் எது ஒன்று போனாலும் மற்ற மூன்றையும் வைத்து அதில் இருந்ததைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம், இதுதான் ஏற்பாடு. சேர்ந்தாற்போல் ரெண்டு போனால் கதை முடிந்தது.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து வேலையை ஆரம்பித்தார்கள். அப்பா திருக, மகள் ஒயரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். கை வேலையில் இருந்தால் இவர்களால் பேச முடியாது. அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவது, பேசிவிட்டு மறுபடி எடுப்பது என்று நேரம் இழுத்தது. ஒருவழியாக முடித்து ஸ்விட்சைப் போட்டால், திரையில் மூன்று டிஸ்க்தான் தெரிந்தது.

ஒயரை மாற்றினார்கள். டிஸ்கை மாற்றிப் பார்த்தார்கள். எந்த டிஸ்கைக் கொண்டுபோய் அந்த நாலாவது முனையில் சொருகினாலும் அது காணாமல் போனது. போர்டே கோளாறு, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று கண்ணாடிக்காரர் கையை உதறினார். டீச்சர் அதுவரை தலையிடவில்லை. போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். பிறகு மேஜையைத் தட்டி இருவரையும் திரும்ப வைத்தார்.

"அந்தக் குச்சி மாதிரி டிஸ்க் ஒண்ணு வெச்சீங்களே, சிஸ்டம் ஏத்துறதுக்கு. அதை மேல் பள்ளத்துல சொருகினா நாலாவது முனை வேலை செய்யாதுன்னு போட்டிருக்கே."

"எங்க போட்டிருக்கு? நான் படிச்சேனே."

"அடியில. நட்சத்திரம் போட்டு."

அவர் புத்தகத்தை வாங்கிக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், ஜன்னலுக்குக் கொண்டுபோனார். தினமும் பத்துப் பேருக்குப் படிக்கிற கண்ணாடி தேய்த்துக் கொடுக்கிறவர், தனக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை என்று நாள் கடத்திக்கொண்டிருந்தார். மகள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குச்சி டிஸ்கைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றியதும் நாலும் வரிசையாக வந்து நின்றன. மறுவாரம் அவர் மூக்கில் புதுக் கண்ணாடி ஏறியது.

செருப்புப் பெட்டி டிஸ்குகளில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் புதுப் பெட்டிக்குள் இறக்கினார்கள். எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்து, ஒரே பெரிய டிஸ்கில் போட்டு, மகள் வீட்டில் வைத்தார்கள். திருடன் வந்தாலும் தண்ணீர் புகுந்தாலும் ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வராது என்பது கண்ணாடிக்காரர் கணக்கு. பெட்டியைப் படுக்கையறைச் சுவரோரம், அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். சத்தத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கக் காரணமும் இல்லை.

ஒரு மாலை வாசல் விளக்கு மினுக்கியது. இவர்கள் வீட்டில் காலிங் பெல் அடித்தால் விளக்குதான் எரியும். பக்கத்து வீட்டு நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். நைட் டியூட்டிக்காரர், பகலில் தூங்குகிறவர். ஆறேழு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. இன்று முகம் வாடி, கண் சிவந்திருந்தது. வேகமாக ஏதோ பேசினார். டீச்சர் போனை நீட்ட, அதில் அடித்துக் காட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரூம்ல என்னமோ ஓடிட்டே இருக்கு. சுவர் வழியா தலைக்குள்ள வருது. என்னால தூங்க முடியல."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. நாற்காலியை இழுக்காதே, கதவை அறையாதே, தட்டை வைக்கிறபோது பார்த்து வை என்று சிறுவயதிலிருந்து கேட்காத சத்தத்துக்காக வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. அதற்குப் பயந்தே எதையும் பூனை மாதிரி எடுத்து வைக்கப் பழகியவர். இப்போது தானே ஒரு சத்தத்தை வாங்கி, காசு கொடுத்து, சுவரோரம் வைத்திருக்கிறார். நர்ஸிடம் அனுமதி கேட்டு, அவர் வீட்டுப் பக்கம் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உண்மைதான். சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை, விட்டு விட்டு உதறியது.

அன்றே பெட்டியை நிறுத்தினார். டிஸ்குகளைக் கழற்றி, மடித்த துண்டின் மேல் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, அதை மட்டும் ஓடவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்று டிஸ்க் சீராக ஓடின. ஒன்றில் மட்டும் அந்த உதறல் இருந்தது. தேய்க்கிற சக்கரம் நடு விலகினால் கைக்கு எப்படித் தெரியுமோ, அப்படி. மகள் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லா டிஸ்கும் நல்லா இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுதேப்பா."

"கம்ப்யூட்டருக்கு ஏது கை?"

டிஸ்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் புகாரைப் படித்துவிட்டு, சத்தம் வருகிறது என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று மகளிடம் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. அவரைக் கேளுங்கள் என்றாள் மகள். கண்ணாடிக்காரர், புது டிஸ்க் ஒன்றையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடச் சொல்லி, கடைக்காரரின் ரெண்டு கையையும் பிடித்து டிஸ்குக்கு ஒரு கையாக வைத்தார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ வித்தியாசம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் கம்பெனிக்கு அதை எப்படிச் சொல்வது என்றார். முழுச் சோதனை ஓட்டிப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டார். மறுநாள் செய்தி வந்தது. சோதனை பாதி தாண்டியபோது டிஸ்க் தப்புத் தப்பாகப் படிக்க ஆரம்பித்துவிட்டது, கம்பெனி மாற்றித் தருகிறது.

மாற்று வரும் வரை பெட்டி மூன்று டிஸ்கோடு சும்மா கிடந்தது. டீச்சர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். புது டிஸ்க் வந்ததும், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் ரப்பர் வளையம் போட்டுப் பூட்டி, பெட்டியைப் பொதுச்சுவரை விட்டு நகர்த்திச் சமையலறைக்குப் போகிற வழியில் வைத்தார்கள். விட்டுப்போனதையெல்லாம் திரும்ப எழுதி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆனது. முடிந்ததும் டீச்சர் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கெடவில்லை. நர்ஸ் வீட்டுக் கதவடியில் ஒரு சீட்டு தள்ளிவிட்டு வந்தார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு. மதியம் வரை பதில் இல்லை. நன்றாகத் தூங்குகிறார் போலிருக்கிறது என்றார் கண்ணாடிக்காரர்.

பதில் சொல்ல நர்ஸ் நேரில் வந்தார். வந்தவர் உடனே போகவில்லை. அவர் வார்டுக்குக் காது கேளாத ஒருவர் வந்ததையும், எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் தானும் டாக்டரும் திண்டாடியதையும் போனில் நீளமாக அடித்துக் காட்டினார். எழுதிக் கேட்கலாமென்றால் அவருக்குப் படிக்கத் தெரியவில்லையாம். எனக்கு நாலு சைகை சொல்லித் தர முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

டீச்சருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். வலி, மூச்சு, மயக்கம், எப்போதிலிருந்து, மாத்திரை, ஊசி, பயப்படாதீங்க என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்னப் படமாக எடுப்பது என்று முடிவானது. நோயாளி கண்ணாடிக்காரர். கேமரா டீச்சர். மொழிபெயர்க்க மகள். பெட்டியில் இதற்கென்று தனியாக ஓர் அறை ஒதுக்கினார்கள், நர்ஸின் போனிலிருந்தே திறந்து பார்க்கிற மாதிரி. அவர் அதை வார்டில் மற்றவர்களுக்கும் காட்டப் போவதாகச் சொன்னார்.

முதல் நாள் நர்ஸ் டியூட்டி உடையிலேயே வந்து கட்டிலோரம் நின்றார். கண்ணாடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பலமாக நடித்தார். எங்கே வலிக்கிறது என்று நர்ஸ் கையை அசைத்துக் கேட்டார். விரலை மடக்க வேண்டிய இடத்தில் நீட்டிவிட்டார். நோயாளி நடிப்பை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன கேட்டேன்?" என்றார் நர்ஸ், மகளைப் பார்த்து.

"எங்க திருடினீங்கன்னு கேட்டீங்க" என்றாள் மகள்.

டீச்சருக்குத் தோள் குலுங்கிப் படம் ஆடியது. ஆனாலும் கேமராவை நிறுத்தவில்லை.