மலைக்குடிக்குக் கப்பல் இல்லை

தேவேந்திரனுக்குப் பொறுமை அதிகம், எனக்கு அது மருந்துக்கும் கிடையாது. அதனால் அவன் கேம் செய்தான், நான் குறை சொன்னேன்.

அவனுக்குத் தெற்குத் தீவில், ஹட் பே பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை. நான் சுஜிதா, பெரிய தீவில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். கடலடி இன்டர்நெட் கேபிள் வராத வருஷங்கள் அவை. ஹட் பே நெட்டில் ஒரு போட்டோ போவதற்குள் உலையில் சோறே வெந்துவிடும். அதனால் கேமைப் பென் டிரைவில் போட்டு, கப்பலில் வேலை பார்க்கும் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். நான் ஆடிப் பார்த்து, குறைகளைத் தாளில் எழுதி அடுத்த கப்பலில் அனுப்புவேன்.

மாயத்தீவுகளில் நடக்கும் கதை. ஆடுபவர் முதலில் ஒரு குடியில் பிறக்க வேண்டும், பிறகு ஒரு தொழிலை எடுக்க வேண்டும். கரைக்குடியில் பிறந்தால் மாலுமி ஆகலாம், மந்திரம் படிக்க முடியாது. மலைக்குடிக்கு மந்திரம், மருத்துவம், சுமை எல்லாம் உண்டு, கப்பல் மட்டும் கிடையாது. ஆடிப் பார்த்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கரைக்குடியையே எடுத்தார்கள். தீவுக் கதையில் கப்பல் இல்லாதவனை எவன் எடுப்பான்?

சென்னையில் ஒரு போட்டிக்கு அதை அனுப்பியிருந்தான். ஜெயித்தால் அங்கே கேம் கம்பெனியில் வேலை. முதல் சுற்றில் தேறிவிட்டது. குடிகளுக்குள் சமநிலை வந்துவிட்டால் வேலை அவனுக்குத்தான் என்று எழுதியிருந்தார்கள். அவனும் மலைக்குடிக்குப் பலத்தை ஏற்றிக்கொண்டே போனான்.

"முதுகுக்குப் பலம் குடுத்துக்கிட்டே இருக்கியே, ஒரு கப்பலைக் குடேன்" என்றேன் போனில்.

"அரே, எல்லாரும் எல்லாம் ஆகலாம்னா குடி எதுக்கு சுஜி? குடிக்குக் குடி காது மட்டும் வேற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தடை இருந்தாத்தான் எடுக்கிறதுக்கு மதிப்பு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். கடைசியில் ஆறுக்கு ஆறு என்று சரியாகவும் வந்துவிட்டது.

முடிந்த கேமை வாங்கிவந்து எங்கள் பக்கத்து நெட்டில் போட்டிக்கு அனுப்ப நானே ஹட் பே போனேன். கடைக்கு அவன் அம்மா தங்கம்மா சாப்பாடு கொண்டுவந்தார். இலங்கைத் தேயிலை மலையில் பிறந்தவர், பத்து வயதில் கப்பலேறி வந்தவர். ஹட் பே பாமாயில் தோட்டம் மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். "நம்ம ஆளுகளுக்குக் கடல் ஆகாது" என்பார் அடிக்கடி. கப்பல் வேலைக்கு மனுப்போடாததற்குத் தேவேந்திரனும் அதையே சொல்வான்.

"நீங்களும் ஆடிப் பாருங்கம்மா" என்று போனைக் கொடுத்தேன். மலைக்குடிப் பெண்ணை எடுத்தார். தொழில் வரிசையில் மாலுமியைத் தொட்டார். அது மங்கிக் கிடந்தது, திறக்கவில்லை. மறுபடி தொட்டார்.

"இது நமக்கு இல்ல போல மகன்" என்று சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல் சுமைக்காரியைத் தொட்டார்.

தேவேந்திரன் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

"யாரு சொல்லி இந்தத் தடையை வெச்ச?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சுஜி. யோசிக்காமலே வெச்சிருக்கேன்."

மறுநாள் கப்பல், அதற்கு மறுநாள் கடைசித் தேதி. தடையை எடுத்தால் ஏற்றிய பலத்தையெல்லாம் இறக்க வேண்டும், அதற்கு ஒரு மாதம் வேண்டும். தெரிந்தேதான் எடுத்தான். ஈடாக ஒன்றே ஒன்று சேர்த்தான்: மலைக்குடி மாலுமிக்கு முதல் பத்துக் கப்பல் நடையும் வாந்தி, பாதிப் பலம் போய்விடும்.

"இது பத்தாது தேவா, தோத்துடுவ."

"மாலூம் ஹை, தெரியும்" என்று பென் டிரைவை என் கையில் வைத்தான்.

தோற்றான். இனி எல்லோரும் மலைக்குடியைத்தான் எடுப்பார்கள், சமநிலை இல்லை என்று எழுதினார்கள். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். இருந்தாலும் அவர்கள்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஆறுதல் சொல்ல அவனுக்குப் போன் போட்டேன், தங்கம்மா எடுத்தார்.

"அவன் கடைக்கு வந்த ஆளுகளைப் பார்த்துக்கிட்டிருக்கான் மகள். போன் என்கிட்ட இருக்கு. நான் கேம்ல கப்பல் ஓட்டுறேன், இது பதினோராவது நடை. வாந்தி நின்னுருச்சு."