அம்மை அறையில் எழுதிய பரீட்சை

எங்கள் கேம்பஸ் சுகாதார நிலையத்துக்கு உண்மையான நோயோடு போனவர்கள் குறைவு. பாதிப்பேர் மெடிக்கல் சான்றிதழ் எடுக்கப் போனார்கள். மீதிப்பேர், அங்கே மின்விசிறி ஒழுங்காகச் சுற்றியதால் போனார்கள். தலையிடிக்கும் பனடோல் மாத்திரை, காதல் தோல்விக்கும் பனடோல். அப்படிப்பட்ட இடத்தில் நான் உடம்பு முழுக்கக் கொப்புளத்தோடு போய் நின்றேன், அதுவும் கடைசி வருடப் பரீட்சைக்கு முந்தின வாரம்!

நாட்டுக் குழப்பத்தில் மூடிக் கிடந்த கேம்பஸ் அப்போதுதான் திறந்திருந்தது. இதை விட்டால் அடுத்த பரீட்சை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கிருந்த சிங்களத் தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்போம். அவர் என்னைத் தனியறையில் படுக்கவைத்து, "பயப்படாதே, பேப்பரை இங்கேயே கொண்டுவரச் சொல்கிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் மாத்தளையிலிருந்து அம்மா ஒரு கட்டு வேப்பிலையோடு வந்திறங்கினார். "நாடு இருக்கிற இருப்புல புள்ளைய அங்க விடாத, கூட்டிக்கிட்டு வா" என்று அப்பா அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் போனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்ட விடமாட்டார்கள். பரீட்சை அம்போதான்.

எங்கள் சனத்தில் அம்மை கண்டவளை நோயாளி என்று சொல்வதில்லை. முத்துமாரியே வந்திருக்கிறாள் என்பார்கள். என்னைத் திட்டாமல் ஒருவேளைச் சோறு போட்டறியாத அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"தாயே, வீட்டுக்குப் போவமா?"

எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. அம்மை இறங்கும்வரை நான் கேட்டதை யாரும் மறுக்கக் கூடாது, அதுவும் வழக்கம்தான். குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"வரமாட்டேன். பரீட்ச எழுதிட்டுத்தான் எறங்குவேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "உத்தரவு தாயே" என்று பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பிறகு மிஸ்ஸியின் தொலைபேசியில் எங்கள் தெருக் கடைக்குப் பேசி அப்பாவைக் கூப்பிட்டார். "ஆத்தா உத்தரவாயிருச்சுங்க. இப்ப வரமாட்டாளாம்." "அப்ப ஆத்தா சொல்றபடியே செய்" என்றாராம் அப்பா.

அதோடு சுகாதார நிலையம் கோயிலாகிவிட்டது. அம்மா கதவில் வேப்பிலை செருகியபோது மிஸ்ஸி சத்தம் போடப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ, இது போதாது என்று பின்பக்கத்து மரத்திலிருந்து இன்னும் இரண்டு கொத்து ஒடித்து வந்தார். அம்மைக்குச் சிங்களவர் வேண்டுகிற பத்தினித் தெய்வத்தை, நம் கண்ணகியை, கும்பிடுகிறவர் அல்லவா! ஆனால் மாத்திரை கூடாதென்ற அம்மாவின் பேச்சு மட்டும் அவரிடம் எடுபடவில்லை.

பரீட்சையைக் கண்காணிக்க வந்தவர் அம்மையே வராத இளம் விரிவுரையாளர். வாசலிலேயே அம்மா மறித்தார்.

"சப்பாத்தக் கழட்டுங்க சேர்."

பாவி மனுசன் கழற்றினார். ஆனால் உள்ளே வரவில்லை. மூக்கில் கைலேஞ்சியைப் பொத்திக்கொண்டு, பேப்பரை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு, விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா வேப்பிலையால் விசிற, நான் எழுதினேன். எல்லாப் பேப்பரும் அப்படியே முடிந்தன.

தண்ணீர் ஊற்றிய பிறகு மாத்தளை பஸ்ஸில் ஏறினோம். அக்குறணை தாண்டியதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, அன்னைக்கு நெசமாவே ஆத்தாதான் பேசுனான்னு நெனச்சீங்களா?"

"போடி! பெத்தவளுக்கு ஒன் குரல் தெரியாதா?" என்றார் அம்மா. "புள்ள பரீட்ச எழுதட்டும்னு நான் சொன்னா ஒங்கப்பா கேட்டிருப்பாரா?"