முருகன் வேண்டாம் என்றபோது

போன வாரம் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட கையோடு என் வீட்டுக்காரர் பாயில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இது விஷயம்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் வந்து கதவோரம் நின்றேன். நின்று... கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

கொடைக்கானலுக்கு மேலே, மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். பூண்டுதான் வெள்ளாமை. அறுத்த பூண்டில் நல்லதாகப் பார்த்து விதைக்கென்று எடுத்துவைப்போம். அதைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். விறகுப் புகை ஏற ஏற அது கெடாமல் இருக்கும். கேஸ் சிலிண்டர் வந்த பிறகும் எங்கள் பக்கம் விறகடுப்பு அணையாததற்கு அதுதான் காரணம். சோறு எங்களுக்கு, புகை பூண்டுக்கு!

போன தடவை விதைக்கிற பட்டம் வந்தது. விதைப்பூண்டு தயார். நிலம் உழுது கிடக்கிறது. இவர் மட்டும் இறங்கவில்லை.

காரணம் — போன்.

திருப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் மகன் ஆசையாய் வாங்கிக் கொடுத்த போன். அதில் ஒருத்தர் வந்து, வெளிநாட்டுப் பூண்டு கப்பல் கப்பலாய் வரப்போகிறது என்பார். இன்னொருத்தர் உரத்துக்கு மானியம் நிற்கப்போகிறது என்பார். சட்டம் மாறுகிறது, வரி மாறுகிறது, கார்டு மாறுகிறது... எல்லாவற்றையும் பயங்கரமான மியூசிக்கோடு சொல்வார்கள். எது நிஜம், எது புரளி? எட்டாவது படித்த எனக்கு என்ன தெரியும்? அவருக்கும் தெரியாது. ஆனாலும் காதில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏ புள்ள, இந்த வருசம் பூண்டு வேணாம். வெளிநாட்டுச் சரக்கு வந்துச்சுன்னா, வடுகபட்டிச் சந்தையில நம்ம பூண்ட எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"நம்ம பூண்டுக் காரம் அதுக்கு வருமாங்க?"

"காரத்த யாரு பாக்குறா? அது ஒவ்வொரு பல்லும் கட்டவெரலு கணக்கா இருக்காம். உரிக்க லேசாம்."

"அப்பன் முருகன் பாத்துக்குவான். நீங்க மம்பட்டிய எடுங்க."

"அப்பன் எதத்தான் பாப்பான்? டெல்லியப் பாப்பானா, நம்ம பாத்தியப் பாப்பானா?"

எனக்குச் சுருக்கென்றது. ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருஷமும் பார்த்தோம். ஊரடங்கில் லாரி வராமல் பூண்டு வீட்டிலேயே கிடந்த வருஷமும் பார்த்தோம். ஒரு வேளைக் கஞ்சிக்குக் குறை வைத்தானா? அவனைப் போய் இப்படிக் கேட்கிறாரே!

"சரி, பூ கேட்டுருவோம்" என்றேன்.

எங்கள் ஊர் முருகன் கோயிலில் அது வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனசுக்குள் ரெண்டாட்டம் என்றால் பூ கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரே தடவைதான்.

வெள்ளைதான் வரும். எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கையில் நான் ஒரு காரியம் செய்தேன். கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாளே விதைப்பூண்டை இறக்கி, பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாவையும் துணைக்கு வைத்துக்கொண்டு, அத்தனையையும் பல் பல்லாகப் பிரித்துவிட்டேன். பிரித்த பல் மண்ணுக்குப் போக வேண்டும். திரும்பப் புகைக்குப் போக முடியாது. பூண்டு போடுகிறவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் வெள்ளனே கோயில். பொட்டலம் எடுக்கச் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுதான் பழக்கம். அன்று பள்ளிக்கூட நாள், பிள்ளைகள் இல்லை. வாசலில் ஸ்வெட்டர் போட்ட டூரிஸ்ட் பெண் ஒருத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். பூசாரி அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வாத்தா. இதுல ஒண்ண எடு."

"லக்கி டிரா மாதிரியா அங்கிள்?"

"அப்பிடித்தான்னு வச்சுக்க. பரிசு என்னன்னுதான் யாருக்கும் தெரியாது."

எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

"ஐ, ரெட்! ஆன்ட்டி, ஜெயிச்சிட்டீங்களா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மெதுவாக நகர்ந்துவிட்டாள். நான் விடவில்லை.

"பூசாரிண்ணே... இன்னொருக்க வச்சுப் பாப்பமா? அது வெளியூர்ப் புள்ள. வழக்கம் தெரியாம எடுத்துருச்சு."

பூசாரி விபூதித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "வெள்ள வந்துருந்தா வெளியூருன்னு சொல்லிருப்பியாத்தா?"

விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டேன்.

இவர் மூஞ்சியில் எப்படிச் சிரிப்பு வழியும் என்று எண்ணிக்கொண்டே திரும்பினேன். ஆளைக் காணோம். வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். துண்டு முகத்தில் இருந்தது. தோள் குலுங்கியது.

"என்னங்க... நீங்க சொன்னதுதான வந்துருக்கு? அப்புறம் என்ன?"

"பயந்து போயிக் கெடந்தேன் புள்ள. வெள்ள வந்துருந்தா விதைச்சுத்தான ஆகணும்? விதைச்சா அறுத்து விக்கிற வரைக்கும் இந்தப் படபடப்ப நான் எப்படித் தாங்குவேன்? கண்ண மூடுனா நெஞ்சு அடிச்சுக்குது. நான் தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா நீ என்ன சொல்லுவ? அப்பன் பாத்துக்குவான்னுவ."

வாசகர்களே, இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு அடி விழுந்தது மாதிரி இருந்தது.

ஒரே பாய். ஒரே போர்வை. பக்கத்தில் படுத்திருந்தவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, நான் பார்க்காமலே இருந்துவிட்டேன்...

வீட்டுக்கு வந்தால் பிரித்த பூண்டு கூடை கூடையாய் உட்கார்ந்திருக்கிறது. முருகன் மேல் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கவில்லை. பாண்டியம்மாதான் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மதினி, சாமிகூட டூவா? அவரு பாட்டுக்கு மலை மேல நிம்மதியா இருக்காரு. நீங்கதான் இருட்டுல உக்காந்துருக்கீக."

எழுந்து விளக்கை ஏற்றினேன். பூண்டை அவளே வாங்கிக்கொண்டாள். அவள் காட்டில் ஊன்றுவது, அறுத்ததும் எங்களுக்கு விதையாகவே திருப்பித் தருவது என்று பேச்சு.

விதைக்கிற பட்டத்தில் எங்கள் ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். உயிரே போனாலும், ஊன்றி முடித்துவிட்டுத்தான் போகும்! எங்களுக்குத்தான் சோலி இல்லையே. அந்த வாரமே இவரைப் பஸ் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"இவ்வளவு பிரஷரோடவா மலையில ஏறி இறங்குறீங்க?"

"ஏறித்தான சார் ஆகணும்?"

"இப்ப வெயிட்டான வேலை எதுவும் செய்யறீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "இல்ல சார். இந்தப் பட்டம் விதைக்கல."

"நல்லதாப் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார் டாக்டர். எனக்குத்தான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஆடியது.

மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். படுக்கும்போது போன் கூடாது என்றார். போன் இப்போது அரிசி டிரம் மேல் கிடக்கிறது. மகன் கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறோம். காலியாய்க் கிடந்த காட்டில் கொஞ்சம் பீன்ஸ் போட்டோம். அதன் பாட்டை நான் பார்த்துக்கொண்டேன். சிக்கனமாகத்தான் இருந்தோம். பட்டினி கிடக்கவில்லை.

கப்பல் வந்ததா? வந்ததோ என்னவோ. பாண்டியம்மா பூண்டு நல்ல விலைக்கே போனது. எனக்கு வயிறு எரியவில்லை என்று எழுதினால், முருகன் சிரிப்பான். அவள் மூட்டை லாரியில் ஏறியபோது, ‘இதைத்தானப்பா நானும் கேட்டேன்’ என்று மலையைப் பார்த்துச் சொல்லத்தான் செய்தேன்.

நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம்? எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்து எழுதிக்கொண்டு போய், அடியில் அவன் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறோம். போட்டால் நல்ல சாமி. போடாவிட்டால் விளக்குக் கிடையாது. நாட்டில் நாளைக்கு எது மாறும் என்று எனக்கும் தெரியாது, போனில் கத்துகிறவருக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஒன்று... அவன் பார்த்துக்கொள்வான் என்று வாயால் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அந்தக் குறட்டை நாளன்றுதான் பாண்டியம்மா விதைப்பூண்டைக் கொண்டுவந்து போட்டாள். சொன்ன அளவுக்கு மேலேயே இருந்தது. இவரே உட்கார்ந்து கொத்துக் கட்டினார். இவரே அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். கையைத் தட்டிக்கொண்டு, "வர்ற பட்டத்துக்கு விதைப்போம் புள்ள" என்றார்.

எனக்குக் காதில் தேன். இருந்தாலும் கேட்டேன். "எதுக்கும் ஒருக்க பூ கேட்டுக்குவமாங்க?"

"கேளு, கேளு. இந்தத் தடவ கேட்டுட்டுப் பல்லப் பிரி."

சாப்பிட்டார். சாய்ந்தார். குறட்டை.

முருகா, நான் பூண்டு கேட்டேன், நீ தூக்கம் கொடுத்தாய். ரொம்பச் சரி... சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருக்கலாம்.