பாட்டுக் கப்பலில் அரைப் பேர்

பெல்மதுளையில் ஒரு டிராவல்ஸ் கடையில் இருபத்திரண்டு வருடம் டூர் லீடராக இருந்தேன். கூட்டிப்போன ஆளை ஒருநாளும் தொலைத்ததில்லை என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை இறக்கி வைத்தது கொழும்புத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் போன 'பாட்டுக் கப்பல்', பழைய பாட்டுக் கச்சேரிகளுக்கென்றே விட்ட உல்லாசக் கப்பல்.

அந்தக் குழுவில் கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ராமையா அண்ணனும் மனைவி பாக்கியம் அக்காவும் வந்தார்கள். டிக்கெட் மகள் கொடுத்த பரிசு. அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், பாட்டுப் பைத்தியம். இரண்டாம் நாள் சாயங்காலம் கப்பல் பேண்டோடு பாடுவதற்குப் பெயர் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடிக்கப் போகிறார். கொழுந்து பறித்து ஓய்ந்த அக்காவுக்கோ பாட்டென்றால் ஆகாது.

கப்பலில் ஏறியதும் பட்டியலைத் தட்டிச் சொன்னேன்: "அக்கா, மூணு நாளும் எல்லாக் கச்சேரிக்கும் ஒங்க பேரப் போட்டுட்டேன்."

அவர் முகம் மாறியதை நான் பொருட்படுத்தவில்லை. ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம்.

முதல் நாள் மூன்று கச்சேரி. அக்கா முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி, கைகட்டி உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணிக்குக்கூட எழும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, நான் பாடல. பேர வெட்டிருங்க."

"ஏண்ணே?"

"அவ மொகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடிம்மா பாடுறது?"

எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. நேரே போய்க் கேட்டேன்: "புடிக்கலன்னா எந்திரிச்சுப் போகலாமேக்கா?"

"எப்பிடிப் போறது? நீங்கதானே பேர் போட்டுட்டேன்னீங்க. பாதியில போனா அரைப் பேராயிருமே!"

சுரீரென்றது. நான் பஜாரில் வளர்ந்தவள். எனக்குப் பேர் என்றால் பட்டியல். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பேர் போட்டால் வேலை முடியும்வரை தேயிலை மலையில் நிற்க வேண்டும். குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். இத்தனை வருடம் தோட்டத்து ஆட்களோடு பழகியும் எனக்கு அது உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற மனுஷியைக் கப்பலில் ஏற்றி மறுபடி வேலைக்கு விட்டிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சுக்கங்கக்கா. ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"நாப்பது வருசமா லயத்து வீட்டுல இவரு ரேடியோதான். சத்தமில்லாத எடத்துல சும்மா ஒக்காந்து கடலப் பாக்கணும்."

"அண்ணன் பாடுறப்ப?"

"பாடட்டும். நான் முன்னுக்கு இல்லாட்டி அவருக்குப் பயமிருக்காது."

கப்பலின் பின்தளத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, அண்ணனிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். சாயங்காலம் பாடினார். தாளம் இரண்டு இடத்தில் தப்பியது, கைதட்டல் தப்பவில்லை. மேடையிலிருந்து இறங்கிய கையோடு பின்தளத்துக்கு நடந்தார். நானும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"பாடிட்டேன் புள்ள. கேட்டுச்சா?"

"காத்து அங்கிட்டு அடிக்குது. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். பழக்கத்தில் முணுமுணுக்க வாயைத் திறந்தவர், அக்காவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கோப்பைகளை எடுக்கப் போனபோது அக்கா என்னிடம் சொன்னார்:

"இவருக்கு இன்னைக்கு முழுப் பேர் போடுங்க."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், ரசிகரோடு துணைக்கு வருகிறவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பட்டியல் எழுதுங்கள். அன்றைய பட்டியலில் அவர்கள் இருவருக்கும் முழுப் பேர். எனக்கு அரைப் பேர்தான்.