கரண்டியார் விழுங்காத ஒரு வாய்

கரண்டியார் சர்ச் திருவிருந்தில் திராட்சரசத்தைத் துப்பிவிட்டார் என்று எனக்கு முதலில் சொன்னவர் சலூன்காரர். அவர் மழைக்குக்கூட சர்ச் பக்கம் ஒதுங்காதவர். ஆனாலும் கூடவே முழங்காலில் நின்று பார்த்தவரைப் போலச் சொன்னார். போதகர் கையில் கிண்ணம் இருக்கும்போதே தரையில் துப்பினாராம். மருந்துக் கடையில் விசாரித்தபோது தரை பூந்தொட்டியாகியிருந்தது. பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் அம்மா சொன்ன கணக்குப்படி, அந்தத் தொட்டியிலிருந்த செடி மறுநாளே கருகிவிட்டது.

போய்ச் செடியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் செடி. துடைத்து நாளாகிவிட்டது என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் அன்று அவருக்குப் பக்கத்தில் நின்றவர் பொருளாளர் வீட்டம்மா. அவரைக் கேட்காமல் ஒரு செய்தியைப் பொய்யென்று முடிப்பது அவருக்கு நாம் செய்யும் அவமரியாதை.

“நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலப்பா. குடிச்சாரு, கர்ச்சீப்பை எடுத்தாரு, வாயில வெச்சாரு. எடுத்தப்போ வெள்ளைத் துணி செவப்பா இருந்துச்சு. அவ்வளவுதான் பாத்தேன்.”

“மருந்துக் கடையில சொன்னாங்களே?”

“அவங்க கேட்டாங்க, சொன்னேன். கேட்டா சொல்லாம இருக்கிறது பொய் சொல்றதுக்குச் சமம்.”

ஆக, தரையும் இல்லை, தொட்டியும் இல்லை. துப்பியது மட்டும் உண்மை.

விசுவாசிகளுக்கு இது சின்ன விஷயமல்ல. ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சரசம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லலாம். வாங்குகிறவர்களுக்கு அது ஆண்டவர் தன்னையே பிய்த்துக் கொடுத்த விருந்து. அதைத் துப்புவது, கூப்பிட்டு உட்காரவைத்து ஊட்டிவிட்டவரின் முகத்திலேயே துப்புவது. கரண்டியாரை இனிப் பந்தியில் சேர்க்கலாமா என்று விசாரிக்கச் சர்ச் கமிட்டி கூடியதில் ஆச்சரியமில்லை. விளக்குத் திரி மாற்றவே இரண்டு முறை கூடுகிற கமிட்டி அது.

கரண்டியாருக்குத் துப்புவதுதான் தொழில். கேலிக்காகச் சொல்லவில்லை. தேயிலைக் கிடங்கில் ருசி பார்ப்பவர் அவர். நீளமான மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். கெட்டில்காரர் கொதிநீர் ஊற்றிக்கொண்டே போவார். கரண்டியார் பின்னாலேயே வந்து, ஒரு கரண்டி எடுத்து, துணி கிழிகிற சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று சுற்றி, இடுப்பளவு உயரமுள்ள சக்கரத் தொட்டியில் துப்பிவிட்டு மார்க் சொல்வார். கிளார்க் எழுதிக்கொள்வார். பிறகு முழங்காலால் தொட்டியை ஒரு தள்ளு தள்ளி அடுத்த கிண்ணத்துக்குப் போவார். முழுங்கினால் அடுத்த கிண்ணத்துக்கு நாக்கு பொய் சொல்லும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கரண்டி இருப்பதால் அந்தப் பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் மகளை ‘கரண்டியார் மகள்’ என்று போட்டால்தான் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும்.

திருவிருந்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். போதகர்கள் அரை மணி நேரம் சொல்வதை அவர் இப்படிச் சொன்னார்:

“வாரம் பூரா வாய்க்குள்ள வர்றது எல்லாத்துக்கும் மார்க் போடறேன், துப்பறேன். வீட்டுச் சாப்பாட்டுக்கும் மனசுக்குள்ள மார்க் போட்டுத்தான் பழக்கம், வீட்ல சண்டை வர்றதே அதுலதான். அங்க போய் முழங்கால் போட்டா மார்க் கிடையாது. குடுக்கிறாங்க, முழுங்குறேன். எனக்கும் அங்க யாரும் மார்க் போடறதில்ல.”

பிறகு, மழைக்காலத்துக்கு முன்னால், அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கசப்பு, இனிப்பு, புகை நாற்றம் எதுவும் தெரியவில்லை. வாய்க்குள் அட்டையை வைத்த மாதிரி இருந்ததாம். முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய வீட்டம்மா. உப்புப் போட மறந்த அன்றைக்கு, “இன்னைக்குச் சமையல் நல்லா இருக்கு” என்று கரண்டியார் சொன்னார். பாராட்டே வராத வாயிலிருந்து பாராட்டு வந்ததும் அந்த அம்மா பயந்துபோனார்.

டாக்டர், தானாக வரும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. நாக்கு இல்லாத ருசிக்காரரைக் கிடங்கில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? கரண்டியார் வெளியே மூச்சு விடவில்லை.

சமாளித்த விதம் சுலபமானது. மேசைக்கு எதிர்ப்பக்கம் இன்னொருவரும் ருசி பார்ப்பார். அவரைவிட வயதில் மிகவும் இளையவர், கெட்டிக்காரப் பெண். இவர் தங்கச்சி என்பார், அவர் அண்ணே என்பார். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தைப் பார்த்துத் தனித்தனியாக மார்க் சொல்ல வேண்டும். கரண்டியார் எப்போதும் முதலில் சொல்பவர். காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்துவிட்டது. “நீ சொல்லும்மா முதல்ல” என்று விட்டுக்கொடுத்தார். தங்கச்சி சொன்ன மார்க்கோடு ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொன்னார். வண்டி ஓடியது.

ஒரு நாள் தங்கச்சி, மகளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. “நீங்க பாத்துட்டீங்கல்லண்ணே, அப்புறம் நான் என்ன தனியா பாக்கப்போறேன்” என்று சொல்லித் தன் கையெழுத்தையும் போட்டார். அன்று போன சரக்கில் ஒன்று மண்ணெண்ணெய் வாடை ஏறியது. கிடங்குக்கு வந்த லாரியிலேயே பக்கத்தில் எதையோ ஏற்றியிருக்கிறார்கள். நாக்கு இருந்த எவரும், அந்த டீயை முதல் உறிஞ்சலிலேயே ஒதுக்கியிருப்பார்கள். வாங்கியவர் அப்படியே திருப்பி அனுப்பினார்.

மானேஜர் ருசி பார்க்கும் அறைக்கே வந்து, கெட்டில்காரர், கிளார்க், கிண்ணம் கழுவும் பெண்கள் எல்லோர் முன்னாலும் தங்கச்சியைத் திட்டினார். கரண்டியாரின் நாக்கு தவறும் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தோன்றாது. தவறியிருந்தால் இளையவர்தான். தங்கச்சியை அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். கரண்டியார் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த திருவிருந்துகளுக்கும் போனார். விழுங்கினார். “அப்போ முழுங்குறது கஷ்டமா இருந்துச்சு. தொண்டையில இல்ல” என்றார்.

பேச்சுக்கு ஆளான அந்த ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் உதட்டில் பட்டதும், சொல்லாமல் கொள்ளாமல் நாக்கு திரும்பி வந்தது. இனிப்பு தெரிந்தது, பின்னாலேயே புளிப்பு தெரிந்தது. வாய் தன் பாட்டுக்கு ஒரு சுற்று சுற்றி மார்க் போடப் பார்த்தது. துப்பிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கர்ச்சீப்பை மடித்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கமிட்டி, ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் கூடியது. உள்ளே நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் ஜெபத்தில் ஒப்புக்கொண்டார்கள். என்னிடம் எல்லோரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

கமிட்டியின் செக்ரட்டரி வேறு யாருமில்லை, கிடங்கு மானேஜர்தான். கிழமை நாட்களில் கரண்டியார் அவரை ‘சார்’ என்பார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒருவருக்கொருவர் ‘பிரதர்’.

“பிரதர், ஒண்ணும் பெரிய விசாரணை இல்ல. அன்னைக்குப் புரை ஏறிடுச்சு, அவ்வளவுதானே?” என்று மானேஜர் ஆரம்பித்தார்.

“புரை ஏறுறதெல்லாம் பாவமில்லய்யா” என்றார் போதகர், தாராளமாக.

“எங்க மாமனாருக்குத் தண்ணி குடிச்சாலே ஏறும்” என்றார் பொருளாளர்.

எல்லோரும் சேர்ந்து ஒரு சொல்லை அவர் வாயில் வைத்து ஊட்டினார்கள். விழுங்கியிருந்தால் காபி வந்திருக்கும், வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கரண்டியார், “புரை ஏறல” என்றார்.

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன் சார்.”

அந்த ‘சார்’ அறையில் எல்லோர் காதிலும் விழுந்தது. “இங்க என்ன சாரு, பிரதர்” என்று மானேஜர் சிரித்தார்.

“இது சார்கிட்ட சொல்ல வேண்டியதுங்க.”

காய்ச்சலைச் சொன்னார். நாக்கு செத்ததைச் சொன்னார். கிண்ணம் பட்டதும் உயிர் வந்ததையும், வாய் பழக்கத்தில் துப்பியதையும் சொன்னார். போதகரின் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆண்டவர் சுகம் குடுத்திருக்காரு. இதைப் போய் விசாரிக்கிறோமே நாம. அடுத்த வாரம் நீங்க எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லணும்.”

“மைக் நல்லதா ஒண்ணு ஏற்பாடு பண்ணிடலாம்” என்றார் பொருளாளர்.

ஒரு நிமிடம் அந்த அறையில் கரண்டியார் குற்றவாளியாக இல்லை, அற்புதமாக இருந்தார். மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனதுக்குள் மாதங்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“அப்போ இத்தனை நாளா ரூம்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“தங்கச்சி சொல்றதைக் கேட்டுச் சொல்லிட்டு இருந்தேன்.”

“மண்ணெண்ணெய் சரக்கு?”

கரண்டியார் தண்ணீர் கேட்டார். குடித்தார். வேலை போகும் என்று தெரியும். மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்குகிறது, செலவிருக்கிறது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் அற்புதமாகவே வீட்டுக்குப் போகலாம் என்பதும் தெரியும்.

“அன்னைக்கு அந்தப் பொண்ணு இல்ல. பாஸ் பண்ணது நான். நீங்க அதைத் திட்டும்போது நான் கெட்டிலைப் பாத்துக்கிட்டு நின்னேன். இதை வெச்சுக்கிட்டு என்னால இனிமே அங்க முழங்கால் போட முடியாது.”

மைக்கைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

“இது ஆபீஸ் விஷயம், நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம், பிரதர்” என்றார் மானேஜர்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பில், சகோதரருக்கு அன்று புரை ஏறியதாகவும், சபையார் வேறு விதமாகப் பேச வேண்டாம் என்றும் போதகர் வாசித்தார். உண்மையைச் சொல்ல ஒரு மனிதர் அத்தனை பாடுபட்டு வந்தார். சபை அவருக்காகப் பரிவோடு ஒரு பொய்யைச் சொல்லி முடித்தது. தவறான ஆளைத் திட்டிய மானேஜருக்கும் அதே போர்வை போதுமானதாக இருந்தது. கிடங்கில் தங்கச்சியைச் சத்தமில்லாமல் பழைய மேசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கரண்டியாரை, “உடம்பைப் பாத்துக்குங்க, நாங்களே சொல்லி அனுப்பறோம்” என்று விடுப்பில் அனுப்பினார்கள். அது விடுப்பா, வழியனுப்பலா என்று இதுவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

கரண்டியார் தங்கச்சி வீட்டுக்குப் போனார். தங்கச்சி சர்ச்சுக்கு வருபவரல்ல. திருவிருந்து, பந்தி, கமிட்டி எதுவும் அவருக்குச் சம்பந்தமில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டார்.

“நான் சொன்ன மார்க்கையே நீங்களும் சொல்லுவீங்கல்லண்ணே. அத்தனை பெரியவர் என் நாக்கை மதிக்கிறாருன்னு நெனச்சேன். வீட்லகூடப் பீத்திக்கிட்டேன்.”

கரண்டியார் பேச்சை மாற்றினார்.

“திரும்பக் கூப்ட்டுட்டாங்கல்லம்மா?”

“கூப்ட்டாங்க. பழசை மன்னிச்சுட்டோம், போய் வேலையைப் பாருன்னு கூப்ட்டாங்க. கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் என்ன பண்ணேன்னு மன்னிச்சாங்க? கெட்டில்காரரு இன்னும் ரெண்டு தடவ மோந்து பாத்துட்டுத்தான் என் முன்னாடி கிண்ணம் வெக்கிறாரு.”

“நான் தப்புப் பண்ணிட்டேன்மா.”

“என்கிட்ட சொல்றீங்க. எனக்குத்தான் அது முன்னாடியே தெரியுமே, நான் பாஸ் பண்ணலேன்னு. அந்த ரூம்ல வெச்சுத் திட்டு வாங்கினேன். அந்த ரூம்ல வந்து சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்.”

“கிடங்கு கேட்டுக்குள்ளயே விடமாட்டேங்கிறாங்க.”

“அது உங்க பாடுண்ணே” என்று சொல்லிவிட்டு, வாசலில் நிற்பவரை அப்படியே அனுப்ப மனமில்லாமல், “உக்காருங்க, டீ போடறேன்” என்றார். கரண்டியார் உட்காரவில்லை.

மறு திருவிருந்து வந்தது. வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். கரண்டியாரின் வரிசை வந்தபோது வீட்டம்மா எழுந்தார், கரண்டியார் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். ஆராதனை முடிந்ததும் போதகர் அவரைத் தனியாகப் பிடித்தார்.

“ஏன் வரல? கமிட்டி விட்டாச்சே.”

“கமிட்டி விட்டுச்சு ஐயா. அந்தப் பொண்ணு இன்னும் விடல.”

“ஆண்டவர் மன்னிப்பாருய்யா.”

“அவரு மன்னிப்பாரு. அவரு என்ன பெட்டியா ஒட்டுனாரு?”

அதற்குள் யாரோ போதகரைக் கைகொடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ருசி பார்க்கும் அறைக்குள் ஐந்து நிமிடம் நிற்க அனுமதி கேட்டு, கரண்டியார் மானேஜரைப் பலமுறை பார்த்துவிட்டார். கிழமை நாட்களில் ‘சார்’ என்று கேட்டார், ஞாயிற்றுக்கிழமை ‘பிரதர்’ என்று கேட்டார். தணிக்கை முடியட்டும் என்று ஒரு முறையும், தரை பூசுகிறார்கள் என்று ஒரு முறையும் பதில் வந்தது. சொல்ல வேண்டியதை வீட்டம்மாவிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். காய்ச்சலில் ஆரம்பித்து நீளமாகப் போனதை அந்த அம்மா, காய்ச்சல் எதுக்கு, டாக்டர் எதுக்கு என்று வெட்டி வெட்டி ஒரே வரிக்குக் கொண்டுவந்துவிட்டார்: அந்தச் சரக்கைப் பாஸ் பண்ணது நான், இவங்க இல்ல.

போன வாரம்வரை அந்த வரியைச் சொல்ல அவரை உள்ளே விடவில்லை.