வெளியாட்களுக்கு அனுமதி இல்லை

போன ஞாயிறு அம்மாவையும் மதலேன் அத்தையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. பிறந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று ஒரே பிடிவாதம். வீடு இப்போது ஹோட்டல். புது மஞ்சள் பெயிண்ட் வாசனை தெருமுனை வரை அடித்தது. சுண்ணாம்பு உதிர்ந்த எங்கள் காலத்தைவிட வீடு இப்போதுதான் அதிகப் பிரெஞ்சாக இருந்தது. வாசலில் ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏனென்றால் அந்த வீட்டில் வெளியாள் யார் என்று தீர்ப்புச் சொல்லும் பதவி அத்தையுடையது. பிரான்சிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார் வெளியாள் இல்லை. அவர் பேசிய தமிழ் ஆண்டவருக்கு மட்டுமே புரியும் என்றாலும், “அவரு நம்ம சாமிடா” என்பார். பாரிஸில் பிறந்து, தமிழே தெரியாமல் லீவுக்கு வரும் சித்தப்பா மகன் “நம்ம வூட்டுப் புள்ள.” வெளியாள் என் அம்மாதான். அம்மாவுக்குக் கடலூர். பஸ்ஸில் ஏறிக் கொஞ்சம் கண்ணசந்தால் வந்துவிடும் ஊர். அத்தைக்கு அது ஏழு கடல் தாண்டி.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் ‘ரகு’ சமைப்போம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கறிக் குழம்பு. பட்டை கிராம்பு சேர்த்து நாம் அதைத் திருத்திவிட்டோம் என்று வையுங்கள். “ரகுல வெளியாளு கை படக் கூடாது. தேங்கா அரைச்சு ஊத்திடுவா” என்பார் அத்தை. வெங்காயம் மட்டும் அம்மா உரிக்கலாம். அதற்குக் கடலூர்க் கை பரவாயில்லையாம்.

சனிக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து மலிவுச் சரக்குக்காக வந்து எங்கள் வாசலில் படுத்துக் கிடந்தவர்களும் வெளியாட்கள்தான். பிறகு பெங்களூர்க்காரர்கள் அதே சரக்குக்குக் காரில் வந்தார்கள். அவர்களுக்கு ‘கெஸ்ட்’ என்று பெயர். கெஸ்ட்டுகள் பெருகப் பெருக வீட்டு விலை ஏறியது. பாரிஸில் இருந்த நம்ம வூட்டுப் பிள்ளைகள் பங்கு கேட்டார்கள். விற்றுவிட்டு நாங்கள் ஊருக்கு வெளியே மூலக்குளம் போனோம்.

காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார். “ரூம் போட்டவங்க மட்டுந்தாம்மா. வெளியாளுங்கள விட மாட்டாங்க.”

அத்தை திரும்பிப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். காவலாளி தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. அம்மா இப்போதாவது சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்க அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு.

“யாரப் பாத்துய்யா வெளியாளுன்ற?” என்று அம்மா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து கெஸ்ட்டுகள் எட்டிப்பார்த்தார்கள். “இவங்க பொறந்த வூடு இது!”

“எனக்கென்னம்மா தெரியும்? நான் கடலூரு” என்றார் காவலாளி.

“வேணாம், வா போலாம்” என்று அத்தை அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா நகரவில்லை. “இருங்க அண்ணி” என்றாள்.

எதிர்வீட்டில் காப்பிக் கடை, பக்கத்து வீட்டில் சைக்கிள் வாடகை. பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. அத்தை அந்த வீட்டுப் பெண் என்று சாட்சி சொல்ல, அந்தத் தெருவில் அம்மாவை விட்டால் வேறு ஆள் இல்லை.