பதினோராம் பக்கத்து நாற்பத்தேழு

அபூதாஹிரின் படம் பதினோராம் பக்கத்தில் இருந்தது. நீலத் தொப்பி, கையில் ஸ்பேனர், பின்னால் வெள்ளைக் குளிரறை. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்திருந்தார். படத்துக்குக் கீழே அவருடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில் 47% என்று போட்டிருந்தது. புத்தகம் கிண்ணியாவுக்குத் தபாலில் வந்த நாளே, மனைவி நபீஸா அதை முன்னறை அலுமாரியின் கண்ணாடிக்குள் அந்தப் பக்கம் தெரியும்படி விரித்து வைத்துவிட்டாள்.

“அத எடுத்து உள்ளுக்கு வை புள்ள.”

“ஏன்? வாற ஆக்கள் பாக்கட்டும். கட்டார்ல பதினாலு வருஷம் கிடந்தீங்களே, ஒருத்தனாவது உங்கட படத்தப் போட்டானா?”

“வெயில் பட்டா நிறம் போயிரும்.”

“அலுமாரிக்குள்ள எங்கால வெயில்?”

முன்னறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

அது ஹால்விக் என்ற கம்பனியின் விளம்பரப் புத்தகம். பனி விழும் நாடொன்றில், ஓர் இரும்புப் பட்டறையில், வீட்டுச் சூடேற்றிகளுக்கு ஒரு சின்ன வால்வு செய்வதில் கம்பனி தொடங்கியது. அறை போதுமான அளவு சூடானதும் வால்வு தானே மூடிக்கொள்ளும். தேவைக்கு மேல் எரிக்காதே என்ற அந்த ஒரு யோசனையைத்தான் கம்பனி தொண்ணூறு வருடமாக விதவிதமாகச் செய்து விற்கிறது. இப்போது பத்தொன்பது நாடுகளில் தொழிற்சாலைகள். கொம்பிரசர், வால்வு, வேலைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர், குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தும் சூட்டைப் பிழிந்தெடுத்து வீட்டுக்குள் விடும் வெப்பப் பம்பி. ஏதோ ஒரு நகரத்தில் பெரிய கடையொன்றின் குளிர்ப்பெட்டிகள் கழிக்கும் சூட்டைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்ப் பக்கத்து நீச்சல் தடாகத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று ஏழாம் பக்கம் சொன்னது. அபூதாஹிருக்கு அந்தப் பக்கம் பிடிக்கும். குளிரை யாரும் உண்டாக்குவதில்லை, உள்ளே கிடக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் தொழில் என்று அவரும் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். கொட்டிய சூட்டையும் ஒருவன் வீணாக்காமல் பிடிக்கிறான் என்றால் அவன் கெட்டிக்காரன்தான்.

புத்தகத்தில் இருந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் பொய். அது அவருடையது.

கட்டாரிலிருந்து திரும்பிய பிறகு திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு மீன் முதலாளியின் குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பழைய மெசின். கடலிலிருந்து நூறு அடி. வெளியே நிற்கும் சூடு கழிக்கும் தகடுகளில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். உப்பு படிந்தால் சூடு வெளியேறாது, மெசின் மூச்சு முட்டி இரண்டு மடங்கு உழைக்கும். ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் நல்ல தண்ணீரால் தகடுகளைக் கழுவுவார். மழை பெய்தாலும் கழுவுவார். கழுவிய நாட்களில் மெசின் ஒரு நாளைக்கு அறுபத்தொன்பது யூனிட் மின்சாரம் எடுக்கும். வருடக்கணக்காக அந்த எண் பெரிதாக மாறவில்லை.

பிறகு முதலாளி ஹால்விக் மெசின் வாங்கத் தீர்மானித்தார். கொழும்பிலிருந்த கம்பனி முகவரின் பொறியியலாளர் இராகுலன், அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிறவன், போனில் விளக்கினான். பழையது ஒரு கிழமைக்கு எத்தனை யூனிட் எடுக்கிறது என்று எழுத வேண்டும், பிறகு புதியது ஒரு கிழமைக்கு எத்தனை என்று எழுத வேண்டும்.

“நல்ல நம்பர் வந்தா புத்தகத்தில போடுவினம் நானா. உங்கட படத்தோட. இலங்கையிலயே முதல் இடம் திருகோணமலை.”

போகப்போகிற மெசின்தானே என்று அபூதாஹிர் ஏற்கெனவே ஐந்து செவ்வாய்களாகக் கழுவாமல் விட்டிருந்தார். அது சோம்பல். அதற்காக அவர் தன்னை மன்னித்துவிடலாம். ஆனால் அளக்கத் தொடங்கும் நாள் காலையில் குழாயை இழுத்துக்கொண்டு தகடுகளுக்கு முன்னால் போய் நின்றார். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீரைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். குழாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஆணியில் மாட்டினார். இதைச் சோம்பல் என்று சொல்ல ஏலாது.

அந்தக் கிழமை பழைய மெசின் நாளுக்குத் தொண்ணூற்றிரண்டு யூனிட் எடுத்தது. புதியது நாற்பத்தொன்பது. நூற்றுக்கு நாற்பத்தேழு மிச்சம். கழுவிவிட்டு அளந்திருந்தால் இருபத்தொன்பது. அதுவும் நல்ல எண்தான். அந்த எண்ணுக்கு யாரும் படம் பிடிக்க வந்திருக்க மாட்டார்கள்.

இதனால் யாருக்கு என்ன குறை என்று ஒரு வருடம் தன்னைத் தேற்றிக்கொண்டார். முதலாளிக்குப் புது மெசின், கம்பனிக்குப் பெயர், தனக்கு ஒரு படம். சல்லிக் கிராமத்திலிருந்து புஸ்பராணி போன் எடுக்கும்வரை அந்தத் தேற்றல் தாங்கியது.

புஸ்பராணி சல்லி மீனவப் பெண்கள் சங்கத்தின் தலைவி. சங்கத்துக்கு ஊருக்குள் ஒரு சிறிய குளிரறை உண்டு. அதன் மெசினைப் பழுது பார்ப்பவரும் அபூதாஹிர்தான். “நானா, கரையில கட்டின கொட்டிலுக்குள்ள இதே அளவில புது அறை போடப்போறம். உங்கட ஹால்விக் மெசின்தான். ஒருக்கா வந்து கணக்கப் பாத்துட்டுப் போங்கோ. திங்கக்கிழமை விண்ணப்பம் குடுக்கவேணும்.”

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, நகரத்தைக் கடந்து, உப்புவெளி வழியாகச் சல்லிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. கொட்டிலுக்கு வெளியே கருவாடு காய்ந்தது. உள்ளே இருபது இருபத்தைந்து பெண்கள் பாயில் இருந்தார்கள். இவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். சங்கத்தின் செயலாளர் தனுஷிகா, புஸ்பராணியின் மருமகள், கொப்பியை விரித்தாள். பக்கத்தில் அதே புத்தகம், பதினோராம் பக்கம்.

“கரைக்கு மின்சாரக் கம்பி இன்னும் வரேல்ல நானா. சோலார் தகடும் பற்றரியும்தான். ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் தருது. ஒரே தரம்தான் தருவினம். எத்தனை யூனிட் வேணுமெண்டு நாங்கள் எழுதிக் கேக்கவேணும். எங்கட பழைய மெசின் நாளுக்கு அறுபது எடுக்குது. நாற்பத்தேழு வீதம் கழிச்சா முப்பத்திரண்டு. சரிதானே?”

அபூதாஹிர் கொப்பியைப் பார்த்தார். கணக்கு சரி. சங்கத்துப் பெண்கள் தங்கள் மெசினை முறை வைத்து ஒவ்வொரு நாளும் கழுவுகிறவர்கள். அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவர்களுடைய அறுபது, கழுவிய அறுபது. அதிலிருந்து நாற்பத்தேழு போகாது. இருபத்தொன்பதுதான் போகும். நாற்பத்து மூன்று யூனிட் வேண்டும். முப்பத்திரண்டுக்குச் சோலார் தகடு போட்டால் தினமும் பதினொரு யூனிட் குறையும். மூன்றாம் நாள் மீன் பழுதாகிக் கண் உள்ளே போய்விடும்.

“கொஞ்சம் கூட்டிக் கேளுங்க,” என்றார். “நாற்பத்து மூணு எண்டு போடுங்க.”

“ஏன் நானா?”

“சல்லியில சூடு கூட.”

புஸ்பராணி சிரித்தாள். “துறைமுகத்தடியில என்ன, பனியோ கொட்டுது?”

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “நானாவின்ர படத்தில தொப்பி போட்டிருக்கிறார், பனிக்காகத்தான் போல,” என்றாள் ஒருத்தி.

“இல்ல, இங்க உப்புக் காத்து...”

“அங்கயும் அதே கடல்தானே.” புஸ்பராணியின் சிரிப்பு குறைந்தது. “நானா, அந்த நிறுவனத்து ஆளும் இந்தப் புத்தகத்த வச்சிருக்கிறார். முப்பத்திரண்டு போதுமே, ஏன் கூடக் கேக்கிறீங்கள், ஏமாத்துறீங்களோ எண்டு எங்களைத்தான் கேப்பார். நான் என்ன சொல்றது?”

வெளியே யாரோ காகத்தை விரட்டினார்கள். அபூதாஹிர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“புத்தகத்தில இருக்கிற நம்பர் பிழை தங்கச்சி.”

“கம்பனி பிழையாப் போட்டதோ?”

இங்கே ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். பனி நாட்டில் இருக்கிற கம்பனி சல்லிக்கு வந்து மறுக்கப்போவதில்லை.

“நான் பிழையா அளந்தது. பழைய மெசினக் கழுவாம அளந்தன். அது மூச்சு முட்டிக் கூட எடுத்திச்சு. அதால புதுசு பெரிசா மிச்சம் பிடிச்ச மாதிரித் தெரிஞ்சது. உண்மையான கணக்கு இருபத்தொன்பது.”

தனுஷிகா பேனையை மூடினாள். அபூதாஹிர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களில் பலருடைய கையில்தான், ஒரு கிழமை கழுவாவிட்டால் நாளுக்கு நாலு யூனிட் கூட என்று சொல்லிக் குழாயைக் கொடுத்தவர் அவர்.

“அப்ப எழுதித் தாங்கோ,” என்றாள் புஸ்பராணி. குரலில் கோபம் இல்லை, அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. “நீங்கள் எழுதின கடிதம் இருந்தாத்தான் அவர் எங்களுக்கு நாற்பத்து மூண்டு தருவார்.”

“எழுதினா கம்பனிக்கும் போகும். இனி அவங்கட மெசினத் தொட விடமாட்டாங்க.”

“ஓம். போகும்தான்.”

அபூதாஹிர் வெளியே வந்து இராகுலனுக்குப் போன் எடுத்து, கழுவாமல் அளந்ததையும் கடிதம் கேட்பதையும் சொன்னார்.

“விசரோ நானா? ஆறாயிரம் புத்தகம் அச்சடிச்சாச்சு. பேசாமக் கொஞ்சம் கூட்டிக் கேக்கச் சொல்லுங்கோ.”

“சொல்லிப் பாத்தன். ஏலாது.”

“அப்ப உங்கட பேரை நான் காப்பாத்த மாட்டன். சொல்லிப்போட்டன்.”

“காப்பாத்த வேணாம்,” என்று சொல்லிப் போனை வைத்தார். கருவாட்டுத் தட்டியைத் தாண்டி உள்ளே போனார்.

தனுஷிகா கொடுத்த தாளில் எழுதினார். அளந்த திகதி, யூனிட், இரண்டு கணக்கும். காரணத்துக்கு வந்ததும் “கழுவ மறந்துவிட்டேன்” என்று எழுதி, கையொப்பம் வைத்து நீட்டினார்.

புஸ்பராணி வாசித்தாள். “மறந்தனீங்களோ?”

சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. சங்கத்தின் பேரில் போகும் எந்தக் கடிதமும் முத்திரை குத்துவதற்கு முன் உறுப்பினர் எல்லோருக்கும் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். எழுதியவர் அங்கே இருந்தால் எழுந்து நிற்க வேண்டும். வாசிக்கத் தெரியாத ஒன்பது பேர் சங்கத்தில் இருந்தார்கள். அவர்கள் போட்ட விதி அது. அபூதாஹிருக்கு அது தெரியும். முன்பு இப்படியான கூட்டங்களில் அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

தாளைத் திரும்ப வாங்கினார். “மறந்துவிட்டேன்” என்பதை வெட்டினார். மேலே “எண் பெரிதாக வரவேண்டும் என்று வேண்டுமென்றே கழுவவில்லை” என்று எழுதினார். இடம் போதாமல் வரி சரிந்து ஓரத்துக்குப் போனது.

“நான் வாசிக்கிறன்,” என்றாள் தனுஷிகா. அவர் எழுந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவருடைய பெயர், தகப்பன் பெயர், ஊர். தொண்ணூற்றிரண்டு. அறுபத்தொன்பது. வேண்டுமென்றே என்ற சொல் வந்தபோது அவள் நிறுத்தவில்லை, ஆனால் பின்னால் இருந்த கஜந்தி, “அதை இன்னொருக்கா வாசி பிள்ளை, காத்தில கேக்கேல்ல,” என்றாள். அவள் இன்னொருக்கா வாசித்தாள்.

வாசித்து முடிந்தது. பிறகு கஜந்திதான் கேட்டாள். “புது மெசினையும் நானாதானே பாக்கப்போறார்?”

எல்லோரும் புஸ்பராணியைப் பார்த்தார்கள். அபூதாஹிரும் பார்த்தார்.

“வேற ஆள் ஆர் இருக்கினம்? கம்பனி என்ன சொன்னாலும் எங்கட மெசினை அவர்தான் பாப்பார்,” என்றாள் அவள். “மீற்றரை மட்டும் நாங்கள் வாசிப்பம்.”

கடிதத்துக்கும் அதற்கும் சேர்த்துக் கைகள் உயர்ந்தன. தனுஷிகா எண்ணினாள். இருபத்திரண்டு பேரும் சம்மதம். அவரைக் கதிரையில் இருக்கச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. முத்திரை காயும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.